மூன்று மணிக்கு மழை வரும்: கோலாலம்பூர் வீட்டில் ஒரு விடுமுறை நாள் வேலைகள், முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் இலையுதிர்காலம் கிடையாது என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறிப் பார்க்கச் சொல்வேன். பின்சந்தில் ஒரு நாட்டு வாதுமை நிற்கிறது. மலாயில் கெத்தாப்பாங் என்பார்களே, அதுதான். ஆண்டுக்கு இரண்டு தடவை இலையெல்லாம் செக்கச் சிவந்து மொத்தமாகக் கொட்டும். ஒவ்வொரு இலையும் உள்ளங்கையைவிடப் பெரிது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் கொட்டியதெல்லாம் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் கட்டரில் சத்தம் போடாமல் படுத்திருக்கும். அக்டோபரில் பருவக்காற்று திசை மாறுகிற சமயம், பிற்பகலானால் இடியோடு மழை பிடிக்க ஆரம்பிக்கும்போதுதான் அது இருப்பதே நமக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். எங்களுடையது கோலாலம்பூரின் செத்தாபாக்கில் பழைய இரண்டு மாடி வரிசை வீடு. முன்னால் கார் நிற்கும் போர்ச், அதை ஒட்டி நாலைந்து அடி மண், பின்னால் சமையலறைக்கு வெளியே கொஞ்சம் இடம். சில ஆண்டுகளுக்கு முன்பு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் லீவு போட்டேன். உள்வேலையை முதலில் முடித்துவிடலாம், வெயில் இறங்கினதும் வெளியே போகலாம் என்று கணக்கு. விசிறி துடைத்து, ஜன்னல் துடைத்து, சோபா உறையைத் துவைத்து மாட்டியாயிற்று. இரண்டரைக்கு வானம் கறுத்தது. மூன்று மணிக்கு ஊற்றியது. கட்டர் நிறைந்து தண்ணீர் பின்பக்கமாக வழிந்து கூரைக்குள் போய், மேல்தட்டு வழியாகத் தேத்தண்ணீர் நிறத்தில் சொட்டியது. எங்கே? அன்று காலை துவைத்த சோபா உறையின் நட்டநடுவில்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒழுங்குதான். தண்ணீர் எந்த வழியாக வருமோ அந்த வழியில் வேலையும் இறங்க வேண்டும். முதலில் கூரை, பிறகு குழாய், பிறகு லோங்காங் என்கிற வாசல் சாக்கடை, பிறகு செடி. மழை வருவதற்குள் வெளிவேலை முடிய வேண்டும். மழை பெய்யும்போது உள்வேலை. நாம் செய்த வேலை சரியா என்று மழையே வந்து பார்த்துக்கொள்ளும்.

முந்தின நாள் மாலை

வேலை செய்கிற நாளில் கடைக்குப் போகவே கூடாது. ஹார்ட்வேர் கடைக்கு ஒரு திருகாணி வாங்கப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அதைவிட மோசம் சுங்கை பூலோ நர்சரிகள். 1930இல் தொடங்கிய பழைய தொழுநோய்க் குடியிருப்பில் இருந்தவர்கள் செடி வளர்த்து விற்று உருவாக்கிய இடம் அது. போனால் ஆசை விடாது, பாதி நாள் போய்விடும். அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: ஆடாத ஏணி, ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ், நீளமான தண்ணீர்க் குழாய், கூர் தீட்டிய செடிவெட்டும் கத்தரிக்கோல், தடித்த குப்பைப் பைகள், கயிறு, விளக்குமாறு. கட்டரைச் சுரண்டத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். காலியான 5 கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தலை, கைப்பிடி நம் பக்கம் இருக்கிற மாதிரி சாய்வாக வெட்டினால் நல்ல அள்ளுகோல் கிடைக்கும். அந்த நெகிழி வளைந்து கட்டரின் வடிவத்துக்குப் பொருந்திக்கொள்ளும். இரும்புக் கரண்டி வேண்டாம், தகரத்தின் பூச்சைக் கீறிவிடும்.

குப்பை லோரி என்றைக்கு வருகிறது என்றும் பாருங்கள். கோலாலம்பூரில் வீட்டுக் குப்பை வாரத்தில் இரண்டு நாள். மறுசுழற்சிப் பொருள், தோட்டக் குப்பை, பழைய தட்டுமுட்டுச் சாமான்களுக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கு முந்தின நாள் லீவு அமைந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் வெட்டிப் போட்ட கிளைகள் ஒரு வாரம் வாசலில் கிடக்கும், வாசலில் கோலம் போடுகிறவர் முகம் சுளிப்பார்.

காலை ஏழு: முதலில் துணி, அப்புறம் ஏணி

அக்டோபரில் இங்கே ஏழு மணிக்குத்தான் நன்றாக விடியும். எழுந்ததும் செய்ய வேண்டியது திரைச்சீலைகளைக் கழற்றி மிஷினில் போடுவது. எட்டு மணிக்குக் கொடியில் ஏறினால் பன்னிரண்டரைக்குள் காய்ந்துவிடும். பத்து மணிக்குப் போட்டீர்கள் என்றால் அரை ஈரத்தோடு உள்ளே இழுத்து, வீடு முழுக்க ஊசல் நாற்றத்தோடு ஒரு வாரம் இருக்க வேண்டியதுதான்.

மிஷின் ஓடும்போது ஏணியை எடுங்கள். இங்கே அவசரம் ஆகாது. கட்டர் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ அதில் நாலில் ஒரு பங்கு தூரத்துக்கு ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரம் என்றால் 3 அடி. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. எழுபதைத் தாண்டினாலும் ஏணி விஷயத்தில் கண்டிப்பு. நான் இன்னும் ஒரு முழம் எட்டிவிடலாம் என்று கையை நீட்டினால் போதும், "எட்டாத, எறங்கி ஏணிய நகத்து" என்று கீழேயிருந்து அதட்டல் வரும். அவர் சொல்வதுதான் சரி. விழுகிறவர்கள் பெரும்பாலும் எட்டித்தான் விழுகிறார்கள். போர்ச் கூரையின் கட்டர்வரைதான் நான் ஏறுவேன். இரண்டாம் மாடிக் கட்டருக்கு ஆள் கூப்பிடுவேன். ஓட்டின்மேல் கால் வைப்பதே இல்லை. மிதித்து விரிசல் விட்ட ஓடு உடனே காட்டிக்கொடுக்காது, அடுத்த மழையில்தான் சொல்லும்.

கட்டரில் மேலே கிடக்கும் காய்ந்த இலையைக் கையால் அள்ளலாம். அடியில் கறுப்பாக, குழம்பு பதத்தில் இருப்பதுதான் விவகாரம். மக்கிய இலையும் ஓட்டுத் தூசியும் சேர்ந்து அப்படி ஆகிவிடும். போன முறை அதில் விரல் நீளத்துக்கு இரண்டு ஆலங்கன்றுகளும், எப்போதோ தெருவில் தொலைந்த இறகுப் பந்து ஒன்றும் இருந்தன. கன்றை இழுத்தால் கம்பளம் மாதிரி வேர்ப்பாய் ஒன்று மொத்தமாக எழுந்து வந்தது. தண்ணீர் கீழே இறங்குகிற குழாயிலிருந்து எதிர்முனையில் தொடங்கி அந்தக் குழாய் வாயை நோக்கி அள்ளிக்கொண்டு வாருங்கள், ஆனால் கடைசிக் கைப்பிடியைக் குழாய்க்குள் தள்ளிவிடாதீர்கள். அந்தக் கறுப்பு மண்ணை வீணாக்க வேண்டாம். தனி வாளியில் போட்டு வையுங்கள், செடிக்கு ஆகும்.

பிறகு தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். எதிர்முனையில் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டால், இறங்குகுழாய் வழியாகக் கீழே உடனே கொட்ட வேண்டும். தேங்கி மேலேறினால் உள்ளே அடைப்பு. கீழ்முனை வழியாகத் தண்ணீர்க் குழாயை மேல்நோக்கி நுழைத்துப் பீய்ச்சினால் பெரும்பாலும் விட்டுவிடும். நடுவில் எங்கேயாவது தண்ணீர் குட்டையாக நின்றால் தகரம் தொய்ந்திருக்கிறது என்று பொருள். தாங்குகம்பியை இறுக்க ஆள் பார்க்க வேண்டும். குழாய் வாயில் கம்பி வலை உருண்டை வைக்கச் சொல்லி விற்பார்கள். கெத்தாப்பாங் இலை இருக்கிற வீட்டுக்கு அது உதவாது. ஒரே ஒரு இலை வலைமேல் ஒட்டிக்கொண்டால் மூடி போட்ட மாதிரிதான்.

லோங்காங்கும் கொசுவும்

இந்த நகரம் வெள்ளத்துக்காக 9.7 கிலோமீட்டருக்கு ஸ்மார்ட் சுரங்கம் குடைந்து 2007இல் திறந்தது. நம் வாசல் லோங்காங்கில் கிடக்கிற மைலோ டின்னை அது வந்து எடுக்காது.

பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கிற கீறல் வழியாகப் போனால் எலிக்காய்ச்சல் வரும். அலட்சியப்படுத்தினால் ஆளையே கொல்லும் நோய் அது. அடியில் படிந்த மணலை மண்வெட்டியால் வழித்துப் பையில் அள்ளுங்கள். விளக்குமாறால் தள்ளி அடுத்த வீட்டு எல்லைக்கு அனுப்புகிற பழக்கம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பலருக்கு உண்டு. மழை பெய்தால் தண்ணீர் அங்கே முட்டி இங்கேயே திரும்பி வரும். பாசி பிடித்த ஓரங்களைக் கடினமான தூரிகையால் தேயுங்கள். சிமெண்ட் உடைந்து பள்ளம் விழுந்திருந்தால் ஒரு கை சிமெண்ட் கலவை போட்டுச் சமப்படுத்துங்கள். அந்தப் பள்ளத்தில் நிற்கிற தெளிந்த தண்ணீர்தான் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடிக்கும்.

கொசு வேட்டைக்கு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும். முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் சுகாதார அமைச்சு வாரம் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்கிறது. எல்லாரும் பூந்தொட்டித் தட்டைப் பார்ப்பார்கள். பார்க்க மறப்பது: குளிர்பதனப் பெட்டியின் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டு, சைக்கிளை மூடிய தார்ப்பாயின் மடிப்பு, கொடிக் கம்பு செருகுகிற குழாய்த் துளை, யாரும் புழங்காத கழிவறைத் தொட்டி, மணிபிளாண்ட் வைத்த போத்தல், வேலியில் தலைகீழாகத் தொங்கவிட்ட வாளியின் விளிம்பு.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். ஆகவே சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டவே முடியாத தொட்டி இருந்தால் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல்மருந்து, 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கு. கொசுப்புழு வளர விட்ட வீட்டுக்காரருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. டெங்கியில் படுத்து எழுந்தவர் வீட்டில் இருந்தால் அந்தச் சட்டமே தேவைப்படாது.

செடிகள்: ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை

பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக் வீட்டில் விடுமுறைத் தூக்கம் கலையாமல் இருக்க, புல்வெட்டும் மிஷினை ஒன்பதரைக்கு முன்னால் நான் எடுப்பதில்லை. பனி காய்ந்த பிறகு வெட்டினால்தான் புல்லும் ஒழுங்காக வெட்டுப்படும், ஈரப் புல் மிஷினில் கட்டிக்கொள்ளும். நம் ஊர் மாட்டுப்புல்லை ஒரே தடவையில் ஒட்ட வெட்டிவிடக் கூடாது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். மொட்டையடித்த மண்மேல் மூன்று மணி மழை விழுந்தால், நீங்கள் காலையில் சுத்தம் செய்த லோங்காங்கில்தான் மண் வந்து சேரும்.

கறிவேப்பிலைக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். நெட்டையாக வளர்ந்து உச்சியில் மட்டும் இலை வைத்திருந்தால், தலையை வெட்ட வேண்டும். இலைக்காம்பு பிரிகிற கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு மூன்று கிளை விடும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெள்ளைப் பூங்கொத்து இருந்தால் கிள்ளிவிடுங்கள், செடியின் தெம்பு இலைக்குப் போகும். அடியில் முளைத்த பக்கக் கன்றுகளை வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம்.

இளம் இலையின்மேல் பறவை எச்சம் மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே துடைக்காமல் குனிந்து பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக, விரல் நகம் அளவில், அசையாமல் இருக்கும். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான் என்பது அதற்குத் தெரியும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ ஈரமான இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். சின்னச் செடியை நாலே நாளில் மொட்டையாக்கிவிடும் என்பதால், சின்னச் செடியில் இருப்பதைப் பெரிய செடிக்கு மாற்றிவிடுவேன். பெரிய மரத்தில் இரண்டு மூன்றை விட்டுவைப்பதில் நஷ்டமில்லை. மருந்து அடித்த இலையைக் குழம்பில் போட எனக்கு மனம் வராது.

புளித்த மோர் ஊற்றினால் செழிக்கும் என்பது எல்லா வீட்டிலும் சொல்கிற யோசனை. தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றலாம், கெடுதல் இல்லை. ஆனால் கட்டரிலிருந்து அள்ளின கறுப்பு மண்ணையும் மக்கிய உரத்தையும் அடியைச் சுற்றிப் பரப்பினால் அதைவிட நன்றாகக் கேட்கும். கடை உரத்தை இந்த மாதத்தில் கைநிறைய அள்ளிப் போட்டால் பாதி மழையோடு போய்விடும். சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு மண்ணைக் கிளறி மூடுங்கள்.

செம்பருத்தி புதுத் தளிரில்தான் பூக்கும், தைரியமாக வெட்டலாம். இலையடியில் பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி இருந்தால் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மல்லிகைக்கு நுனி கிள்ளினால் போதும். வாழையில் குலை தள்ளி முடிந்த மரத்தை வெட்டிவிடுங்கள், அது இனிக் காய்க்காது, பக்கக்கன்று இரண்டு போதும். சாறு பட்ட சட்டை திரும்ப வெள்ளையாகாது என்பதால் பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். செராய் என்கிற எலுமிச்சைப்புல், பாண்டான் என்கிற ரம்பைப் புதர்களில் கையை நேராக விடாமல் முதலில் கம்பால் தட்டுங்கள். பழைய பலகை, செங்கல் அடுக்கு இருந்தாலும் அப்படித்தான். பாம்பு கண்ணில் பட்டால் வீரம் காட்டாமல் 999க்கு அடியுங்கள், தீயணைப்பு மீட்புத் துறையிலிருந்தோ பொதுத் தற்காப்புப் படையிலிருந்தோ ஆள் வரும்.

வெட்டின கிளைகளைக் கை நீளத்துக்கு நறுக்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி வையுங்கள். இலையைக் குவித்துக் கொளுத்துகிற பழக்கம் எஸ்டேட் நாளிலிருந்து வந்தது. திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். ஓட்டை போட்ட பழைய டிரம் இருந்தால் காய்ந்த இலை மூன்று பங்கு, காய்கறித் தோலும் புல்லும் ஒரு பங்கு என்று அடுக்கி மூடி வைக்கலாம். கெத்தாப்பாங் இலை தடிப்பானது, கையால் நொறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும்.

பன்னிரண்டரைக்குத் திரைச்சீலைகளை எடுங்கள். ஏணியை உள்ளே வையுங்கள். குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள். அன்றைக்குச் சமைக்க நினைக்காதீர்கள், வாழை இலைச் சாப்பாடு கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

உள்ளே: மேலிருந்து கீழே

கூரை விசிறிக்குப் பழைய தலையணை உறை. இறக்கையை உறைக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். ஏர்கோன் வடிகட்டியைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் பின்பக்கமிருந்து கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். உட்புறம் தண்ணீர் சொட்டினால் கழிவுநீர்க் குழாயில் பாசி அடைத்திருக்கும். வெளியில் தொங்குகிற பெட்டி நம் வேலை கிடையாது.

பூஞ்சணம்தான் இந்த மாதத்தின் பெரிய எதிரி. குளியலறை ஓட்டு இடுக்கில் கறுத்திருந்தால் ஒரு பங்கு குளோராக்ஸ் வெளுப்பான், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வினிகரோ கழிவறை அமிலமோ அதோடு சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சுவரில் பூஞ்சணம் வட்டமாக வந்திருந்தால் துடைப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அலமாரிக்கு வினிகர் தொட்ட துணி போதும். துடைத்த பிறகு கதவைத் திறந்து வைத்து விசிறியைத் திருப்பி விடுங்கள். பட்டுப் புடவைகளை அன்றைக்கே எடுத்து நிழலில் விரித்து, பழைய மடிப்புக்கு மாறாக மடித்து வைத்தால் ஜரிகை முறியாது.

சமையலறைப் புகைபோக்கியின் வலையைக் கொதிநீரும் சமையல் சோடாவும் போட்டு அரை மணி ஊறவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு தானே மிதக்கும். அது ஊறும் நேரத்தில் பரண்மேலிருந்து முறுக்கு அச்சை இறக்கிப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாக் கடையிலும் மூன்று கண் வில்லை தீர்ந்துபோகும். குத்துவிளக்குக்குப் புளிதான். பூஜையறையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் யாரையும் அம்மா விடுவதில்லை.

மின்பெட்டியில் மின்கசிவைத் துண்டிக்கும் விசையின்மேல் டெஸ்ட் என்று போட்ட சின்னப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்த வேண்டும். விசை டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மின்பணியாளர் வரும்வரை சுடுநீர்க் குளியலை மறந்துவிடுங்கள். இடிச்சத்தம் தூரத்தில் கேட்டதுமே தொலைக்காட்சி, மோடம் இரண்டையும் பிளக்கோடு கழற்றிவிடுவது கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குக் கைப்பழக்கம்.

மழை வந்ததும்

இடி ஓய்ந்து மழை மட்டும் பெய்யும்போது குடையோடு போர்ச்சுக்கு வாருங்கள். ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் போதும். கட்டரின் முன்விளிம்பில் எங்கே திரைபோல வழிகிறது? இறங்குகுழாய் மூட்டில் கசிவு உண்டா? லோங்காங்கில் எந்த இடத்தில் தண்ணீர் தயங்கிச் சுழல்கிறது? மேல்தட்டில் புதிதாக ஈரவட்டம் தெரிந்தால் அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் வட்டம் கோட்டைத் தாண்டினால் கசிவு நிற்கவில்லை என்று அர்த்தம். ஒரு முறை கூரை ஆள் ஒருவர் வந்து எல்லாம் அடைத்துவிட்டேன் என்று பணம் வாங்கிக்கொண்டு போனார். தேதி போட்ட மூன்று வட்டங்களைக் காட்டியதும்தான் மறுபடி ஏறினார்.

மழை விட்டு இருட்டுகிற நேரத்தில் ஈசல் கிளம்பலாம். முன்விளக்கை அணைத்து, கதவை மூடி அரை மணி இருங்கள். வெளியிலிருந்து பறந்து வந்தால் பயமில்லை. வீட்டுக்குள்ளேயே கதவுச் சட்டத்திலிருந்தோ படிக்கட்டுக்கு அடியிலிருந்தோ கிளம்பினால் உள்ளே கறையான் புற்று இருக்கிறது. சுவரோரம் பென்சில் தடிப்பில் மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் உடைத்துக் கலைக்காமல் அப்படியே விட்டு, மருந்து வைக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

கையுறையைக் கழுவித் தொங்கவிடுங்கள், பூட்ஸைக் கவிழ்த்து வையுங்கள், வாளியையும்தான். விளக்குமாறு மட்டும் வாசலிலேயே இருக்கட்டும். காலையில் ஈசல் இறகு பெருக்க வேண்டியிருக்கும்.